மூன்றுக்குக் குறைந்தால் எண்ணாதே

நாரஹேன்பிட்டியில் ஏற்றிய ஐஸ்பெட்டியை
மடியில் வைத்துக்கொண்டேன்.
"மீனா மிஸ்?" என்றான் ஓட்டோக்காரன்.
இல்லை என்றேன். மேலே கேட்கவில்லை.
பொரளைச் சந்தியில் மழை பிடித்தது.
உள்ளே, யாரோ ஒருவரின் இரத்தத்தில்
வெள்ளணு மட்டும் பிரித்தெடுத்த பை,
ஓர் இலக்கமும் திகதியும் ஒட்டி
ஒவ்வொரு பள்ளத்துக்கும் குலுங்கியது.

சுழலியை பிரேக் போடாமல் நிற்கவிட வேண்டும்.
அவசரப்பட்டால் அடுக்குக் கலையும்.
அரை மணி நேரம்.
குழாயின் அடியில் சிவப்பு,
மேலே வைக்கோல் மஞ்சள்,
நடுவில்
கண்ணாடியில் வாய் ஊதினால் படியுமே,
அவ்வளவு வெண்மை.
அதற்காகத்தான் இவ்வளவும்.

தட்டில் ஒட்டாதவற்றைக் கழுவி விடுவோம்.
ஒட்டி நிற்பவை மோனோசைட்டுகள்:
நாளத்தில் ஓடும்வரை காவல் வேலை,
நிலையான முகவரி கிடையாது.
இரண்டு புரதம் ஊட்டுகிறோம்.
முதலாவது சொல்வது: செத்துவிடாதே.
இரண்டாவது சொல்வது: பசி.
உடம்புக்குள் எலும்பே
இரத்தத்திடம் பேசுகிற பாஷை அது;
நாங்கள் உறைந்த குப்பியில் வாங்குகிறோம்,
டொலர் கொடுத்து.

தெமட்டகொடையில் வாங்கிய மாட்டுத் தொடையெலும்பை
பல் பிரிவின் வாளில்
அப்பளம்போல் சீவித் தந்தான் பாயிஸ்.
கிண்ணத்துக்கு ஒன்று.

ஆறாம் நாள் கரண்ட் போனது.
ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை.
பரீனா தட்டுகளை நாடா ஒட்டி மூடி
ஷோலுக்குள் வயிற்றோடு அணைத்து
கதிரையில் அசையாமல் இருந்தாள்,
ஒரு மணி பத்து நிமிடம்.
யாரோ சிரித்தார்கள்.
"அடைகாக்கிறன், பேசாதீங்க."
முப்பத்தேழு பாகை
அந்த நேரம் கொழும்பில் வேறெங்கே கிடைக்கும்?

ஒன்பதாம் நாள் ஒன்றையொன்று தொட்டன.
பிறகு சவ்வு கரைந்தது.
சண்டையில்லை, விழுங்கலுமில்லை.
கருக்கள் மட்டும் கரையாமல்
மாலை ஐந்து மணி நூற்றைம்பத்துநாலாம் பஸ்ஸில் போல
தோளோடு தோள் இடித்து
ஒரே உடம்புக்குள் ஏறிக்கொண்டன,
ஏழு, பன்னிரண்டு, ஒன்றில் இருபத்திரண்டு.

பதினான்காம் நாள் சாயம் ஏற்றினோம்.
நாவற்பழம் தின்ற நாக்கின் நிறம்.
எண்ணுவதற்கு ஒரு சட்டம் உண்டு:
மூன்று கருவுக்குக் குறைந்தால் எண்ணாதே.
இரண்டு என்றால் தற்செயல்.
மூன்று என்றால்
எலும்பு தின்னத் தீர்மானித்துவிட்டது.

பையின் இரத்தத்தில் நூற்றுப் பதினெட்டு.
கடைசி வரிசை என்னுடையது.
பை போதாமல் போன அன்று
நானே கையை நீட்டினேன், பரீனா குத்தினாள்.
முந்நூற்று நாற்பத்தொன்று.
இரண்டு தடவை எண்ணினேன்.
எலும்பை நீலத்தில் தோய்த்துப் பார்த்தால்
மழை முடிந்த மட்டக்குளி றோட்டு.

ஐம்பத்தொரு வயது.
போன மாதம் ஸ்கேன் தாளில்
மைனஸ் இரண்டு தசம் ஒன்பது.
டொக்டர் மெல்லமாய் விளக்கத் தொடங்கினார்.
எனக்கா விளக்குகிறீர்கள் என்று
கேட்காமல் தலையாட்டினேன்.

கோபம் வரவில்லை, உண்மையாக.
மருதானை ஸ்டேஷன் படியில்
முறிந்த இடது மணிக்கட்டு இது.
உடைசலைத் தின்று இடம் விட்டவை
இவைதான்.
பால்பல்லின் வேரைக் கரைத்தவை
இவற்றின் சொந்தக்காரர்.
பின்னால் வந்து பூச வேண்டிய மேசன்மார்
இப்போது பிந்துகிறார்கள், அவ்வளவுதான்.
அவ்வளவுதானா என்று இரவில் கேட்டுக்கொள்வேன்,
அது வேறு.

"எத்தனை அக்கா?" என்றாள் பரீனா.
சொன்னேன்.
பென்சிலை வாயில் கடித்தபடி யோசித்தாள்.
"ஒரு ஆளை வைச்சு ஒண்டும் எழுதேலாது.
மூண்டு பேராவது வேணும்."
சட்டைக் கையை மடித்தாள்.

பாயிஸைக் காணவில்லை.
ஊசி என்றதும்
மாட்டெலும்பு வாங்கப் போய்விட்டானாம்.